வேலூரில் பழைய அலுவலகக் கட்டடத்தை மாற்றிக் கட்டிய சொகுசு வீட்டை வாங்கலாமா?
வாங்கலாம். நியூயார்க்கில் 1913-இல் திறந்த வுல்வொர்த் அலுவலகக் கட்டடத்தின் மேல்மாடிகளையே வீடுகளாக்கிவிட்டார்கள். ஆனால் வேலூரின் லாங்கு பஜார் பக்கம் வாங்குகிறவர் வரவேற்பறைப் பளிங்கில் மயங்காமல் அண்ணாந்து பார்க்க வேண்டும். பழைய கூரை பெரும்பாலும் மெட்ராஸ் டெரஸ்: தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு பூசியது. உத்தரம் சுவருக்குள் நுழையும் முனையில்தான் ஈரமும் கரையானும் குடியிருக்கும். அங்கே தட்டிப் பாருங்கள். சுண்ணாம்புச் சுவரின்மேல் சிமெண்ட் பூசியிருந்தால் நான் பின்வாங்குவேன். ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பொருக்குப் பொருக்காக உதிரும்.

தடித்த சுவரும் உயர்ந்த கூரையும் வேலூர் வெயிலுக்கு வரம். அழகுக்கென்று பொய்க்கூரை போட்டு அதையும் கெடுத்திருப்பார்கள்! அலுவலகமாக இருந்தபோது மாடிக்கு ஒரு கழிப்பறை போதும். இப்போது வீட்டுக்கு இரண்டு. கழிவுக் குழாய்கள் எந்தச் சுவர் வழியே இறங்குகின்றன என்று கேளுங்கள். குடியிருப்பாக மாற்ற வாங்கிய அனுமதியையும் பத்திரத்தில் உள்ள பிரிபடாத நிலப் பங்கையும் (மொத்த மனையில் உங்கள் வீட்டுக்குரிய பங்கு) வழக்கறிஞரிடம் காட்டிய பிறகே முன்பணம் கொடுங்கள்.