மெர்லீன் ஓட்டி தோற்றது கேமராவிடமா? – கடிதம்

அன்புள்ள ஐயா,

ஜமைக்கா ஓட்டக்காரர்களைப் பற்றிய உங்கள் கட்டுரையில் மெர்லீன் ஓட்டியை ஒரே பத்தியில் கடந்துவிட்டீர்கள். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்ஸ் 100 மீட்டர் இறுதிப்போட்டியை யூடியூபில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஓட்டிதான் முதலில் வருகிறார். கெயில் டிவர்ஸுக்கும் அவருக்கும் ஒரே நேரம், 10.94. தங்கம் மட்டும் டிவர்ஸுக்கு. 1993 ஸ்டுட்கார்ட் உலகப் போட்டியிலும் இதே கதை, இருவருக்கும் 10.82. சொந்த ஊரில் நடந்த போட்டி என்பதால் அமெரிக்கருக்குச் சாதகமாகத் தீர்ப்பு சொன்னார்களா? ஒரே நேரம் என்றால் உயரம் தாண்டுதலில் செய்ததுபோல இருவருக்கும் தங்கம் கொடுத்திருக்கலாமே? கடைசியாக ஒன்று: ஐம்பது வயதுக்கு மேலும் ஒருவரால் எப்படி விரைவோட்டம் ஓட முடிந்தது?

எஸ்., காரைக்குடி

அன்புள்ள எஸ்.,

யூடியூபை நிறுத்திப் பார்த்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. தொலைக்காட்சிக் கேமரா எல்லைக்கோட்டுக்கு நேராக வைக்கப்படுவதில்லை. சற்று முன்னாலோ பின்னாலோ தள்ளி, மேலே இருக்கிறது. அந்தச் சாய்வில் அருகருகே வரும் இருவரில் யார் முந்துகிறார் என்று தெரிவது அவர்கள் எந்த லேனில் ஓடுகிறார்கள் என்பதைப் பொறுத்து மாறும். தவிர, அமெரிக்க ஒளிபரப்பு விநாடிக்கு 30 ஃபிரேம். கடைசி மீட்டர்களில் இந்தப் பெண்கள் விநாடிக்குக் கிட்டத்தட்ட 10 மீட்டர் வேகத்தில் வருகிறார்கள். ஒரு ஃபிரேமுக்கும் அடுத்ததற்கும் நடுவே 33 சென்டிமீட்டர் போய்விடும். நீங்கள் நிறுத்திய ஃபிரேமில் இருவருமே கோட்டைத் தொட்டிருக்க மாட்டார்கள், அடுத்த ஃபிரேமில் இருவருமே தாண்டியிருப்பார்கள். நமக்கு வேண்டிய கணம் இரண்டுக்கும் இடையில் விழுந்துவிட்டது.

போட்டோ ஃபினிஷ் கேமரா வேலை செய்யும் விதமே வேறு. அது செங்குத்தான ஒரு மெல்லிய பிளவு வழியாகப் பார்க்கிறது. அந்தப் பிளவுக்குத் தெரிவது எல்லைக்கோட்டின் முன்விளிம்பு மட்டும்; அதாவது ஓடிவருபவர் முதலில் தொடும் விளிம்பு. ஃபிலிம் காலத்தில் பிளவுக்குப் பின்னால் ஃபிலிம் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருக்கும். டிஜிட்டல் கருவி அதே பிளவைத் திரும்பத் திரும்பப் படித்து, ஒவ்வொரு வாசிப்பையும் ஒரு மெல்லிய கோடாகப் பக்கத்தில் பக்கத்தில் அடுக்குகிறது. இன்றைய விதி கேட்கும் குறைந்தபட்சம் விநாடிக்கு 1000 வாசிப்பு. ஆகவே அந்தப் படத்தில் இடமிருந்து வலமாக ஓடுவது நேரம். எட்டுப் பேரும் ஒரே இடத்தில்தான் இருக்கிறார்கள், கோட்டின்மேல், வெவ்வேறு கணங்களில். சரியாகக் கோட்டின்மேல் ஊன்றிய பாதம் அந்தச் சிறுபொழுது நகராமல் நிற்பதால், படத்தில் அது பனிச்சறுக்குக் கட்டைபோல நீண்டு தெரியும். முதல்முறை பார்ப்பவர்கள் அதைக் கருவியின் கோளாறு என்று நினைப்பார்கள்.

நடுவர் திரையில் ஒரு செங்குத்துக் கோட்டை நகர்த்தி, ஓட்டக்காரரின் உடற்பகுதி அந்த விளிம்பை எட்டிய இடத்தில் வைக்கிறார். தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில்லை. மார்பும் தோளும்தான். சச்சரவு வருவது இங்கேதான். வீசிய கை சில சமயம் மார்பை மறைத்துவிடும். அதற்காகவே எதிர்ப்பக்கத்தில், மைதானத்தின் உள்ளிருந்து பார்க்கும் இரண்டாவது கேமரா வைக்கிறார்கள். கழுத்து எங்கே முடிந்து தோள் எங்கே தொடங்குகிறது என்பதும் படத்தில் அவ்வளவு தெளிவாக இருக்காது. 10 மீட்டர் வேகத்தில் ஆயிரத்தில் ஒரு விநாடி என்பது ஒரு சென்டிமீட்டர். தலையை முன்னால் நீட்டிக்கொண்டு வருபவர் நம் கண்ணுக்கு ஜெயித்தவராகத் தெரிவார். நடுவருக்கு அந்தத் தலையே கிடையாது.

கருவியையும் அப்படியே நம்பிவிடுவதில்லை. ஒவ்வொரு அமர்வுக்கும் முன்பு பூஜ்ஜியச் சோதனை உண்டு: துப்பாக்கியைக் கேமராவின் பார்வைக்குள் வைத்துச் சுடுவார்கள். குழாயில் தீப்பொறி தெரிந்த கணத்தையும் கடிகாரம் ஓடத் தொடங்கிய கணத்தையும் ஒப்பிடுவார்கள். அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் மாறினால் போட்டி தொடங்காது.

இப்போது 10.82. அறிவிக்கப்படும் நேரம் நூறில் ஒரு பங்கு விநாடிக்கு எப்போதும் மேல்நோக்கியே முழுமையாக்கப்படும். ஸ்டுட்கார்ட்டில் டிவர்ஸ் 10.811, ஓட்டி 10.812. பலகையில் இரண்டுமே 10.82. நேரம்தான் சமம், வரிசை சமமில்லை. நூறில் ஒன்று வரை சமமாக வந்தால் ஆயிரத்தில் ஒன்றைப் பார்த்து இடத்தை முடிவு செய்ய வேண்டும் என்பது விதி. ஜமைக்கா மேல்முறையீடு செய்தது, தள்ளுபடி ஆனது. அட்லாண்டாவிலும் அதேதான் நடந்தது. மூன்றாவதாக வந்த க்வென் டாரன்ஸ் 10.96. அவரும் அமெரிக்கர்தான், அதுவும் அட்லாண்டாக்காரர். உள்ளூர்ப் பாசம் என்றால் அதை முதலில் அவரிடம் காட்டியிருக்க வேண்டும்.

பாரபட்சம் என்ற பேச்சுக்கு 1995 கோத்தன்பர்க் உலகப் போட்டியே போதுமான பதில். அங்கே 200 மீட்டரில் க்வென் டாரன்ஸ் 21.77இல் வெகுதூரம் முன்னால் வந்து ஜெயித்தார். வளைவில் உள்பக்கக் கோட்டை மிதித்தார் என்று தகுதிநீக்கம் செய்தார்கள். அரைவட்ட வளைவு முழுக்க 20 சென்டிமீட்டர் உள்ளே ஓடினாலே மிச்சமாவது சுமார் 63 சென்டிமீட்டர்தான் (20ஐ 3.14ஆல், அதாவது π-ஆல் பெருக்கிப் பாருங்கள்). சில அடிகள் மிதித்ததில் அவருக்குக் கிடைத்த லாபம் அதைவிட மிகக் குறைவு. ஜெயித்த இடைவெளியோ 0.35 விநாடி, மூன்று மீட்டருக்கும் மேல். ஆனாலும் அன்றைய விதி லாபத்தை அளக்கவில்லை, மிதித்தாயா என்று மட்டுமே கேட்டது. தங்கம் யாருக்குப் போனது? மெர்லீன் ஓட்டிக்கு, 22.12. வெள்ளி வாங்கிய ரஷ்யாவின் இரினா பிரிவலோவாவின் நேரம்? அதுவும் 22.12. டிவர்ஸிடம் இரண்டு முறை ஓட்டியைத் தோற்கடித்த அதே ஆயிரத்தில் ஒரு பங்குக் கணக்கு, இங்கே அவரை ஜெயிக்கவைத்தது. இந்தப் பகுதியை ஓட்டியின் ரசிகர்கள் சொல்வதே இல்லை.

இருவருக்கும் தங்கம் கொடுத்திருக்கலாமே என்கிறீர்கள். டோக்கியோ ஒலிம்பிக்ஸ் உயரம் தாண்டுதலில் கத்தாரின் பர்ஷிமும் இத்தாலியின் தம்பேரியும் தங்கத்தைப் பகிர்ந்துகொண்டார்கள் என்றால், அங்கே உயரமும் தோல்விகளின் எண்ணிக்கையும் சமமான பிறகு பிரிக்க வேறு அளவே இல்லை. மறுபடி தாண்டவேண்டும், அல்லது பகிரவேண்டும். ஓட்டத்தில் இன்னும் நுணுக்கமான அளவு கையில் இருக்கிறது. அதுவும் சமமானால் பகிர்வு உண்டு. 2001 எட்மண்டன் ஆண்கள் 200 மீட்டரில் மூன்று பேருக்கு 20.20. ஜமைக்காவின் கிறிஸ்டோபர் வில்லியம்ஸ் ஆயிரத்தில் பிரிந்து வெள்ளி வாங்கினார். செயின்ட் கிட்ஸின் கிம் காலின்ஸையும் அமெரிக்காவின் ஷான் கிராஃபோர்டையும் பிரிக்க முடியவில்லை, இருவருக்கும் வெண்கலம்.

அப்படியானால் ஓட்டி தங்கத்தை இழந்தது எங்கே? என் கணிப்பில் முதல் முப்பது மீட்டரிலும் கடைசி ஒரு மீட்டரிலும். அவர் அடிப்படையில் 200 மீட்டர்காரர். நிமிர்ந்த உடல், நீண்ட காலடி, உச்ச வேகத்தை எட்டியபின் அதை விடாமல் பிடித்துவைக்கும் திறன். 1991 பிரசல்ஸில் 21.64, 1993 லியேவின் உள்ளரங்கில் 21.87. இரண்டாவது இன்றும் உலக சாதனையாக நிற்கிறது. இந்த உடல்வாகுக்கு 100 மீட்டர் சற்றுக் குட்டையான பந்தயம். டிவர்ஸ் 60 மீட்டர் உள்ளரங்கு உலக சாம்பியன். பிளாக்கிலிருந்து (தொடக்கத்தில் காலை ஊன்றும் கட்டை) எழும் வேகத்தில் முன்னால் போய்விடுவார், ஓட்டி துரத்த வேண்டும். துரத்துபவர் கோட்டருகே பதற்றத்தில் உடலை முன்னால் சாய்க்கும் கணத்தைத் தவறவிடுவார். சாய்வு கடைசிக் காலடியில் வரவேண்டும். இரண்டு மூன்று அடி முன்பே குனிந்தால் காலடி குறுகி வேகம் விழும்; தாமதமானால் கோடு ஏற்கெனவே போயிருக்கும். டிவர்ஸ் தடை ஓட்டத்தில் மூன்று முறை உலக சாம்பியன். ஒவ்வொரு தடைமேலும் மார்பை முன்னால் வளைப்பது அவருக்கு அன்றாடப் பழக்கம். ஒரு சென்டிமீட்டர் வித்தியாசத்தை அந்தப் பழக்கமே கொடுத்துவிடும் என்று நினைக்கிறேன்.

அந்தத் தலைமுறையில் போட்டியும் அப்படி இருந்தது. 1992 பார்சிலோனா 100 மீட்டரில் முதல் ஐந்து பேர்: டிவர்ஸ் 10.82, ஜூலியட் கத்பர்ட் 10.83, பிரிவலோவா 10.84, டாரன்ஸ் 10.86, ஓட்டி 10.88. 0.06 விநாடிக்குள் ஐந்து பேர். ஓட்டிக்கு அன்று வெண்கலம்கூட இல்லை.

உண்மையிலேயே துரதிர்ஷ்டம் என்று நான் ஒப்புக்கொள்வது 1997 ஏதென்ஸ் உலகப் போட்டியை. 100 மீட்டர் இறுதியில் தவறான தொடக்கம். திரும்ப அழைத்த துப்பாக்கிச் சத்தம் ஓட்டிக்குக் கேட்கவில்லை. பாதி தூரத்துக்குமேல் முழுவேகத்தில் ஓடியபிறகே நின்றார். 37 வயதில் ஒரு முழு வேக ஓட்டத்தைச் செலவழித்துவிட்டு சில நிமிடங்களில் மறுபடி பிளாக்கில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? தசையில் உடனடி ஆற்றலாக இருக்கும் பாஸ்பேட் கையிருப்பு முழுதாகத் திரும்பவே சில நிமிடம் வேண்டும். நரம்புகளின் கூர்மை திரும்ப இன்னும் அதிகம். ஏழாவதாக வந்தார். ஒவ்வொருவர் பிளாக்குக்குப் பின்னாலும் ஒலிபெருக்கி வைப்பது தொடக்கச் சத்தத்துக்காக. முதல் லேனுக்கும் எட்டாவது லேனுக்கும் இடையே 8.5 மீட்டர், துப்பாக்கிச் சத்தம் நேராகப் போனால் 0.025 விநாடி தாமதம். ஆனால் ஓடத் தொடங்கியபின் ஒலிபெருக்கி முதுகுக்குப் பின்னால் போய்விடும், கூட்டத்தின் இரைச்சல் முன்னால் வரும்.

அதே ஏதென்ஸில் 200 மீட்டரையும் பாருங்கள். உக்ரைனின் ஜான்னா பின்டுசேவிச் 22.32, இலங்கையின் சுசந்திகா ஜயசிங்க 22.39, ஓட்டி 22.40. பிற்பாடு சுசந்திகாவுக்கும் ஓட்டிக்கும் ஒரே கோப்பில் மறுபடி தொடர்பு வந்தது. 2000 சிட்னி ஒலிம்பிக்ஸில் அமெரிக்காவின் மரியன் ஜோன்ஸ் வாங்கிய பதக்கங்கள் ஊக்கமருந்தால் பறிக்கப்பட்டன. 2009 டிசம்பரில் ஒலிம்பிக் கமிட்டி இடங்களை மாற்றியபோது, 200 மீட்டரில் சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியானது. 100 மீட்டரில் நான்காவதாக வந்திருந்த ஓட்டிக்கு வெண்கலம் வந்தது. அது அவருடைய ஒன்பதாவது ஒலிம்பிக் பதக்கம்: 3 வெள்ளி, 6 வெண்கலம். ‘வெண்கல ராணி’ என்று எழுதுபவர்கள் உலகப் போட்டிகளின் மூன்று தங்கத்தை (1991 ரிலே, 1993, 1995 200 மீட்டர்) மறந்துவிடுகிறார்கள்.

ஓட்டியும் ஊக்கமருந்துப் புகாரில் சிக்கியவர்தான், அதை மறைக்கவேண்டியதில்லை. 1999இல் நாண்ட்ரோலோன் என்ற ஊக்கமருந்து இருப்பதாக முடிவு வந்து அந்த ஆண்டின் உலகப் போட்டியை இழந்தார். 2000இல் தடை நீக்கப்பட்டது. சிட்னியில் ஜமைக்கா அணிக்குள் அவர் தேர்வு பற்றி நடந்த சண்டை தனிக்கடிதம் எழுதும் அளவுக்கு நீளம்.

வயது பற்றி. 1960இல் பிறந்தவர். 100 மீட்டர் நேரங்களை வரிசையாக வைத்துப் பாருங்கள்: 36 வயதில் 10.74 (அட்லாண்டா தோல்விக்குச் சில வாரம் கழித்து, மிலானில்), 40இல் 10.99, 46இல் 11.34, 50இல் 11.67. பதினான்கு ஆண்டில் இழந்தது 0.93 விநாடி, ஆண்டுக்கு ஏழு நூற்றிலொன்றுக்கும் குறைவு. வயதானால், விரைவாக இயங்கும் தசை இழைகள்தான் முதலில் மெலியும். காலை ஊன்றித் தள்ளும் விசை குறையும், பாதம் தரையில் தங்கும் நேரம் கூடும். காலை மாற்றிப் போடும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை, காலடியின் நீளம்தான் குறைகிறது. நீண்ட காலடியோடு தொடங்கியவருக்கு இழப்பதற்குக் கையிருப்பு அதிகம்.

2002இல் ஸ்லோவேனியக் குடியுரிமை பெற்று, 2004 ஏதென்ஸில் ஏழாவது ஒலிம்பிக்ஸை ஓடினார், 44 வயதில் அரையிறுதி வரை. 2010 பார்சிலோனா, 2012 ஹெல்சிங்கி ஐரோப்பியப் போட்டிகளில் அவர் ஓடியது 4×100 ரிலேயில். கடைசிமுறை 52 வயது. ரிலே என்பதற்குக் காரணம் இருக்கிறது. முதல் ஆளைத் தவிர மற்ற மூவரும் பிளாக்கில் உட்காருவதில்லை, ஓடிக்கொண்டே குச்சியை வாங்குகிறார்கள். ஓட்டிக்கு என்றுமே கைகொடுக்காத அந்த முதல் முப்பது மீட்டரைப் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ஸ்லோவேனியாவிலும் போட்டிக்கு அவ்வளவு ஆள் இல்லை. ஜமைக்காவில் இருந்திருந்தால் தேர்வுப் போட்டியிலேயே இருபது வயதுக்காரிகள் அவரை வெளியே தள்ளியிருப்பார்கள்.