உணவை மாற்றும் முன் பாலை நிறுத்துங்கள்

கேள்வி: பண்ணைக் காவலுக்காக ஒரு நாய்க்குட்டி வாங்கினோம். இப்போது இரண்டரை மாதம் ஆகிறது. வந்து மூன்று வாரமாக மலம் இளகித்தான் போகிறது, விளையாட்டுக்கு மட்டும் குறைவில்லை. அடிக்கடி காதைச் சொறிகிறது, பாதத்தை நக்குகிறது. குட்டி நாய்களுக்கான உலர் உணவில் இரண்டு பிராண்டு மாற்றிப் பார்த்துவிட்டேன். கூடவே பண்ணையில் கறக்கும் பசும்பாலும் கொடுக்கிறோம். கோழிக்கறி அலர்ஜியாக இருக்கும், தானியம் சேர்க்காத உணவு வாங்கு என்கிறார் நண்பர். எந்த உணவைத் தேர்ந்தெடுக்கலாம்? மாட்டுக்கு வாங்கி வைத்திருக்கும் குடற்புழு மருந்தில் கொஞ்சம் கொடுக்கலாமா?

பதில்: விளையாட்டுக்குக் குறைவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்த பிறகுதான் மீதியை நிதானமாகப் படித்தேன். இந்த வயதில் கழிச்சல் என்றாலே எங்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது, குடலைத் தாக்கி குட்டியின் உயிரையே பறிக்கக்கூடிய பார்வோ வைரஸ். குட்டி சோர்ந்து படுத்தாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் கண்டாலோ உணவைப் பற்றி யோசிக்காதீர்கள், அன்றைக்கே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். உதட்டைத் தூக்கி ஈறைப் பார்க்கும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். அது ஈரமாகவும் இளஞ்சிவப்பாகவும் இருக்க வேண்டும். விரலில் பிசுபிசுவென ஒட்டினால் உடலில் நீர் குறைகிறது. வெளுத்திருந்தால் கொக்கிப்புழு ரத்தம் குடிப்பதாக இருக்கலாம். பார்வோவுக்கான தடுப்பூசி ஒன்று போட்டதோடு முடிந்துவிடாது. 16 வாரம் ஆகும்வரை இடைவெளி விட்டுத் தொடர்ந்து போட வேண்டும்.

சரி, வயிற்றுக்கு வருவோம். நீங்கள் மாற்றிய இரண்டு உணவுகளிலும் குறையே இல்லாமல் இருக்கலாம். என் முதல் சந்தேகம் பால் மீதுதான். தாய் நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இருக்கும், பால் சர்க்கரையான லாக்டோஸ் குறைவாக இருக்கும். பசும்பாலில் அது தலைகீழ். பால்குடி மறந்த பிறகு லாக்டோஸைச் செரிக்கும் நொதி குட்டியின் குடலில் குறைந்துகொண்டே வரும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குப் போய்த் தண்ணீரை இழுக்கும், அங்குள்ள நுண்ணுயிர்கள் அதைப் புளிக்க வைத்து வாயு கிளப்பும். விளைவு, நீங்கள் தினமும் கழுவிக்கொண்டிருக்கும் தரை! பால் கறக்கும் வீட்டில் குட்டிக்குக் கொஞ்சம் ஊற்றாமல் இருக்க மனசு வராது என்பது தெரியும். ஆனால் எட்டு வாரம் தாண்டிய குட்டிக்குப் பால் தேவையே இல்லை. இன்றோடு நிறுத்திவிடுங்கள்.

இதை அலர்ஜி என்று சொல்லக் கூடாது. லாக்டோஸ் செரிக்காமல் போவது சகியாமை. அது கொடுத்த அளவைப் பொறுத்தது, கொஞ்சம் குடித்தால் ஒன்றும் ஆகாமலும் போகலாம். அலர்ஜி என்பது உடலின் எதிர்ப்புச் சக்தி ஒரு புரதத்தை எதிரியாக நினைத்துச் சண்டை போடுவது. அதற்குத் துளி போதும்.

இரண்டாவது சந்தேகம், நீங்கள் உணவு மாற்றிய வேகம். மூன்று வாரத்தில் இரண்டு மாற்றம் என்றால், குடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஒன்றுக்குப் பழகும் முன்பே அடுத்தது வந்துவிட்டது. புது உணவுக்கு மாற 7 முதல் 10 நாள் எடுக்க வேண்டும். முதலில் கால் பங்கு புதியது, இரண்டு மூன்று நாள் கழித்துப் பாதி, அப்புறம் முக்கால், கடைசியில் முழுதும். அளவும் கூடியிருக்கலாம். தட்டு நிறைய வைத்துவிட்டு, குட்டி தின்னும் அழகைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நம்மில் அதிகம். பையின் பின்புறம் எடைக்கு ஏற்ற அளவு போட்டிருக்கும். குட்டியை எடை போட்டு, உணவையும் எடை போட்டு, நாளைக்கு நான்கு வேளையாகப் பிரித்துக் கொடுங்கள்.

மூன்றாவது புழு. உருண்டைப்புழு தாய் வயிற்றில் இருக்கும்போதே குட்டிக்கு வந்துவிடும், பால் வழியாகவும் வரும். அதனால்தான் இரண்டு வார வயதில் தொடங்கி எட்டு வாரம்வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், பிறகு ஆறு மாதம்வரை மாதம் ஒரு முறையும் குடற்புழு நீக்கம் செய்யச் சொல்கிறோம். ஜியார்டியா, காக்சிடியா போன்ற ஒரு செல் உயிரிகள் இந்த மருந்துக்கெல்லாம் அடங்காமலும் போகலாம். அவற்றை மலப் பரிசோதனையில்தான் பார்க்க முடியும். புதிதாகப் போன மலத்தில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள். மூன்றாவது பை உணவு வாங்குவதைவிட இது எவ்வளவோ உருப்படியான செலவு.

அப்படியானால் அந்தச் சொறிச்சல்? அலர்ஜி இல்லை என்று அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் தெள்ளுப்பூச்சி, காதுக்குள் இருக்கும் சிற்றுண்ணி, சொறி நோய் ஆகியவை உணவைவிட அதிகம் சந்தேகப்பட வேண்டியவை. மேலும், எதிர்ப்புச் சக்தி ஒரு புரதத்தைச் சில காலம் சந்தித்த பிறகுதான் அதற்கு எதிராகத் திரும்பும். இரண்டரை மாதத்தில் உணவு அலர்ஜி வரக் கூடாது என்றில்லை, ஆனால் அதை முதல் வரிசையில் வைக்க மாட்டேன். எல்லாப் பருவத்திலும் விடாத அரிப்பு, திரும்பத் திரும்ப வரும் காதுப் புண், ஆசனவாயைச் சுற்றி அரிப்பு, நாளில் பல தடவை மலம், இவையெல்லாம் சேர்ந்து வந்தால் அப்போது பார்க்கலாம்.

உங்கள் நண்பர் சொன்னதில் பாதி சரி. 2016-இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு, உணவு அலர்ஜி உறுதியான 297 நாய்களை எடுத்துப் பார்த்தது. மாட்டிறைச்சி 34 சதவீதம், பால் பொருட்கள் 17, கோழி 15, கோதுமை 13 என்று வந்தது. ஆகக் கோழி பட்டியலில் இருக்கிறது, பாலுக்குப் பின்னால். தானியங்களில் கோதுமையைத் தவிர மற்றவை மிகக் குறைவு. தானியம் இல்லாத உணவு என்பது பெரும்பாலும் அரிசி, சோளத்துக்குப் பதில் பட்டாணி, பருப்பு, உருளைக்கிழங்கு போட்ட உணவு, அவ்வளவுதான். அப்படிப்பட்ட சில உணவுகளுக்கும் இதயத் தசை தளர்ந்து வீங்கும் நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இல் விசாரணை தொடங்கியது. தொடர்பு நிரூபணமாகவில்லை என்றாலும், காரணமே இல்லாமல் அந்தப் பக்கம் போவானேன்?

எதை வாங்குவது என்றால், பையின் முன்புறப் படத்தையும் ‘மென்மையான வயிற்றுக்கு’ என்ற வாசகத்தையும் விட்டுவிட்டுப் பின்புறச் சிறு எழுத்தைப் படியுங்கள். வளரும் குட்டிக்கு முழுமையான, சமச்சீர் உணவு என்று அதில் இருக்க வேண்டும். அமெரிக்கத் தர அளவின்படி, ஈரம் நீக்கிய கணக்கில் குட்டி உணவில் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் வேண்டும். வளர்ந்த நாய் உணவில் புரதம் 18 இருந்தால் போதும், அதனால் அதைக் குட்டிக்குப் போடாதீர்கள். கொழுப்பு மிக அதிகமாக உள்ளதை இப்போதைக்குத் தவிர்க்கலாம். ஒரே ஒரு விலங்குப் புரதம் உள்ளதாகக் கிடைத்தால் பின்னால் துப்புத் துலக்க எளிது. மான், வாத்து, முயல் என்று அபூர்வ இறைச்சிக்குத் தாவ வேண்டாம். நாளைக்கு அலர்ஜி உறுதியானால், இதுவரை தின்னாத புரதம் என்று ஒன்றாவது கைவசம் மிச்சம் இருக்க வேண்டும்.

பெரிதாக வளரும் இனமாக இருந்தால் அதற்கென்றே வரும் குட்டி உணவை வாங்குங்கள். கூடுதலாகக் கால்சியம் டானிக் கொடுக்காதீர்கள். கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை அள்ளிப் போட்டுப் பழகிய கைக்கு இது கஷ்டம்தான். ஆனால் மிகுதியான கால்சியம் பெரிய இனக் குட்டிகளின் எலும்பு வளர்ச்சியையே கெடுக்கும்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இதுதான். இரண்டு மூன்று நாளுக்கு, தோலும் எலும்பும் இல்லாத கோழிக்கறியை உப்பு, மசாலா, எண்ணெய் இல்லாமல் வேக வைத்து, ஒரு பங்குக் கறிக்கு இரண்டு பங்கு சோறு சேர்த்துச் சிறு சிறு வேளையாகக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் அருகில் வரக் கூடாது, அவை நாயின் சிவப்பணுக்களை அழிக்கும். பட்டினி போடாதீர்கள். வளர்ந்த நாய் ஒரு நாள் தாங்கும், குட்டிக்கு ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். மலம் கட்டிப்பட்டதும் இப்போது கையில் இருக்கும் உணவையே மெல்லக் கலந்து கொண்டு வாருங்கள், மூன்றாவது வேண்டாம். இந்தச் சோறும் கறியும் ஒத்துக்கொள்கிறதே என்று மாதக் கணக்கில் தொடரவும் வேண்டாம். இறைச்சியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் எலும்பு வளைந்து ஒடிந்துபோகும் அளவுக்கு இதில் குறை உண்டு.

பாலை நிறுத்தி, புழுவும் தெள்ளும் இல்லை என்று உறுதியான பிறகும் மூன்று வாரத்தில் சரியாகவில்லையா? அப்போது கால்நடை மருத்துவர் மேற்பார்வையில் விலக்கு உணவுச் சோதனை செய்ய வேண்டும். புரதத்தை எதிர்ப்புச் சக்தியால் அடையாளம் காண முடியாதபடி பொடிப்பொடியாக உடைத்த உணவு ஒன்றை, குட்டிகளுக்கும் ஏற்றதாகப் பார்த்து, எட்டு வாரம் கொடுப்பது. வேறு எதுவும் வாயில் போகக் கூடாது. குடும்பத்தில் ஒருவர் மனசு இளகி நீட்டும் ஒரு துண்டு ரொட்டியில் ஆறு வார உழைப்பு வீணாகும். இறைச்சிச் சுவை சேர்த்த புழு மாத்திரைகூடக் கணக்கைக் கெடுக்கும். குணம் தெரிந்தால் பழைய உணவைத் திரும்பக் கொடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் தொல்லை திரும்பினால்தான் அது அலர்ஜி. ரத்தம், எச்சில், முடி என்று எதை அனுப்பிச் சோதித்தாலும் உணவு அலர்ஜிக்கு நம்பும்படியான பதில் வராது.

பண்ணைக் குட்டிக்கு இன்னொரு சிக்கல், தட்டில் இல்லாததையும் அது தின்னும். சாணம், நஞ்சுக்கொடி, கோழித் தீவனம் எல்லாமே அதற்கு விருந்துதான். தீவனங்களில் சேர்க்கப்படும் மொனென்சின் என்ற மருந்து நாய்க்கு நஞ்சு, கால்கள் தளர்ந்து விழுந்துவிடும். தீவன மூட்டையை எட்டாத இடத்தில் மூடி வையுங்கள்.

கடைசியாக, மாட்டு மருந்து. வேண்டாம். நூற்றுக்கணக்கான கிலோ எடைக்குத் தயாரித்த கரைசலில் நான்கைந்து கிலோ குட்டிக்கு அளந்து எடுக்கும்போது சில துளிப் பிசகே பல மடங்கு அளவாகிவிடும். ஐவர்மெக்டினாக இருந்தால், கோலி போன்ற மேய்ப்பு நாய் இனங்கள் பலவற்றுக்கு அது மூளைக்குள் புகுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். குட்டியின் எடையைக் குறித்துக்கொண்டு, மலப் பரிசோதனைக்குப் போகும் அன்றே அதற்குரிய மருந்தையும் வாங்கி வந்துவிடுங்கள்.