சாதுவான நாய்க்கும் கயிறு வேண்டுமா?

‘எங்கள் நாய் யாரையும் கடித்ததில்லை. டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பார்க்குக்குக் கூட்டிப்போகும்போது கயிறு கட்டாயமா?’ என்று கேட்டிருக்கிறீர்கள்.

கட்டாயம் கட்டுங்கள். தென்னாப்பிரிக்காவில் ரோமன்-டச்சு சட்ட மரபில் வந்த பழைய விதி ஒன்று உண்டு. வீட்டு விலங்கு தன் இயல்பை மீறி ஒருவரைக் காயப்படுத்தினால், வளர்ப்பவர் மேல் தவறே இல்லாவிட்டாலும் பொதுவாக அவர்தான் நஷ்டஈடு தர வேண்டும். 2020இல் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. கேட்டைப் பூட்டித்தான் வைத்திருந்தேன், யாரோ உடைத்ததால் நாய்கள் வெளியே போய்விட்டன என்றார் உரிமையாளர். நீதிமன்றம் ஏற்கவில்லை. கடிபட்டவர் ஒரு கையையே இழந்திருந்தார். பூட்டி வைத்தவருக்கே இந்த நிலை என்றால், நாமே அவிழ்த்துவிட்டால் என்ன சொல்லித் தப்ப முடியும்?

அப்புறம் ரேபிஸ் என்ற வெறிநாய்க்கடி நோய். டர்பன் இருக்கும் குவாசுலு-நாட்டால் மாகாணத்தில் அது இன்னும் ஒழியவில்லை. அவிழ்த்துவிட்ட நாய் தெருநாயோடு சண்டைக்குப் போனால் ஆபத்து உங்கள் வீட்டுக்குள்ளேயே வரும். தடுப்பூசியைத் தவறவிடாதீர்கள். யாரையாவது கடித்துவிட்டால் காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

சாது என்பதெல்லாம் பயம் வரும்வரைதான். தைப்பூசக் காவடி எங்கள் தெருவில் வந்தபோது, மேளம் கேட்டதும் எங்கள் நாய்க்குக் காது பின்னால் மடிந்தது, வால் வயிற்றோடு ஒட்டியது. அடுத்த நொடி கார்கள் வரும் பக்கம் பாய்ந்தது. கயிறு கையில் இருந்ததால்தான் இன்றும் அது உயிரோடு இருக்கிறது.

கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழையும் அளவு இடம் விடுங்கள். நீளும் கயிறு வேண்டாம், ஒன்றரை மீட்டர் போதும்.