காசு கட்டி பேப்பர் போடலாமா? மீதி இரண்டு ஆண்டை என்ன செய்வது?

கேள்வி: நான்கு ஆண்டுப் பட்டப்படிப்பில் நான்காவது செமஸ்டர் முடித்திருக்கிறேன். மதிப்பெண் சுமார்தான், அரியர் இல்லை. ஆனால் தேர்வு முடிந்த மறுவாரமே படித்தது எதுவும் நினைவில் நிற்பதில்லை. பெயரில் ஒரு பேப்பராவது (வெளியான ஆய்வுக் கட்டுரை) இல்லாவிட்டால் மேற்படிப்புக்கு இடமும் கிடைக்காது, வேலைக்கும் கூப்பிடமாட்டார்கள் என்று சீனியர்கள் சொல்கிறார்கள். பணம் கட்டினால் 15 நாளில் சர்வதேச ஜர்னலில் (ஆய்விதழில்) என்னைக் கட்டுரையின் முதல் ஆசிரியராகப் போட்டு வெளியிட்டுத் தருவதாக ஒரு முகவர் சொல்கிறார். இறுதியாண்டு ப்ராஜெக்ட்டையும் அவரே செய்து தருவாராம். கட்டலாமா? வேண்டாம் என்றால் மீதமுள்ள இரண்டு ஆண்டை எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: கட்டாதீர்கள். முதல் கேள்விக்கு இவ்வளவுதான் பதில். ஆனால் ஏன் என்று தெரியாமல் விட்டால், அடுத்த மாதம் இன்னொருவர் இதே சரக்கை வேறு பெயரில் கொண்டுவருவார். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒழுங்கான ஜர்னலுக்கு ஒரு கட்டுரை போனால், அந்தத் துறை தெரிந்த இரண்டு மூன்று பேர் அதைப் படிப்பார்கள். எங்கே கணக்கு இடிக்கிறது, எந்த முடிவுக்கு ஆதாரம் போதாது என்று எழுதி அனுப்புவார்கள். திருத்தி அனுப்பினால் மறுபடி கேட்பார்கள். வேண்டாம் என்றும் சொல்லிவிடலாம். வாரக்கணக்கிலும் ஆகும், மாதக்கணக்கிலும் ஆகும். உங்கள் முகவர் தருகிற உத்தரவாதம் இந்த இடத்தைத்தான் வெட்டி எறிகிறது. கட்டுரை எழுதும் முன்பே வெளியாகும் என்று தெரிகிறதென்றால், அதை யாரும் படிக்கப்போவதில்லை என்று பொருள். கேழ்வரகில் நெய் வடிகிறது என்றால் கேட்பவருக்கு மதி வேண்டாமா?

இந்தச் சந்தை எப்படி இருக்கிறது என்பதற்கு ஒரு சோதனை. 2015இல் போலந்து ஆய்வாளர்கள் சிலர் அன்னா ஷுஸ்ட் என்று இல்லாத ஒரு பெண்ணை உருவாக்கினார்கள். அவர் எதையும் வெளியிட்டதில்லை, ஒரு ஜர்னலின் ஆசிரியர் குழுவில் (எடிட்டோரியல் போர்டில்) இருந்த அனுபவமும் இல்லை. ஷுஸ்ட் என்ற குடும்பப் பெயருக்கு முன்னால் 'ஓ' என்ற முதலெழுத்தைச் சேர்த்துப் படித்தால் போலிஷ் மொழியில் மோசடிக்காரர் என்று பொருள். என்னை ஆசிரியர் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று 360 ஜர்னல்களுக்கு விண்ணப்பம் போனது. அவற்றில், மோசடி ஜர்னல்களாக இருக்கலாம் என்ற சந்தேகப் பட்டியலில் இருந்த 120 ஜர்னல்களில் 40 ஏற்றுக்கொண்டன. 'நேச்சர்' இதழ் 2017இல் இதை வெளியிட்டது. உங்கள் கட்டுரையை மதிப்பிடப் போவதாக முகவர் சொல்லும் "சர்வதேசக் குழு"வில் இப்படி யார் யார் இருக்கிறார்களோ.

முகவர் காட்டும் இரண்டு அத்தாட்சிகளைக் கவனியுங்கள். முதலாவது ஐ.எஸ்.எஸ்.என். எண். அது எட்டு இலக்க அடையாள எண், அவ்வளவுதான். தொடர்ந்து வெளிவரும் எந்த இதழும் விண்ணப்பித்து வாங்கலாம், சமையல் பத்திரிகைக்கும் உண்டு. தரத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. இரண்டாவது இம்பாக்ட் ஃபேக்டர், அதாவது ஒரு ஜர்னலின் கட்டுரைகளைப் பிறர் சராசரியாக எத்தனை முறை மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற எண். அந்தப் பெயரில் துறையில் மதிக்கப்படுவது கிளாரிவேட் நிறுவனம் ஆண்டுதோறும் வெளியிடும் ஜர்னல் சைட்டேஷன் ரிப்போர்ட்ஸில் வருவது. முன்னால் 'குளோபல்', 'யுனிவர்சல்' என்று ஒரு சொல் ஒட்டியிருந்தால், அந்த எண்ணையும் காசு கொடுத்தே வாங்கியிருக்க வாய்ப்பு அதிகம்.

ஒன்றைக் குழப்பிக்கொள்ளக் கூடாது, இதில் பலர் தடுமாறுகிறார்கள். பணம் கேட்கும் ஜர்னல் எல்லாம் மோசடி அல்ல. யார் வேண்டுமானாலும் இலவசமாகப் படிக்கலாம் என்று திறந்து வைத்திருக்கும் ஜர்னல்கள் வாசகரிடம் சந்தா வாங்குவதில்லை. அதனால் அவற்றில் பல, எழுதியவரிடம் வெளியீட்டுக் கட்டணம் வாங்குகின்றன. மிக நல்ல ஜர்னல்களிலும் இது உண்டு. அப்படியானால் வித்தியாசம் எங்கே? ஒழுங்கான இடத்தில் கட்டுரை ஏற்கப்பட்ட பிறகே வெளியீட்டுக் கட்டணம் கேட்பார்கள். கட்டணம் எவ்வளவு என்று முதலிலேயே இணையதளத்தில் எழுதியிருக்கும், யாரும் வாட்ஸ்அப்பில் பேரம் பேசமாட்டார்கள். கட்ட முடியாதவர்களுக்கு விலக்கோ சலுகையோ உண்டா என்ற பக்கம் பெரும்பாலும் இருக்கும். அதிகம் கட்டினால் முடிவு சாதகமாக வரும் என்ற பேச்சே இருக்காது. கட்டுரை எழுதியவர்கள் பட்டியலில் பெயர் போடும் வரிசைக்கும் கட்டணத்துக்கும் தொடர்பு இருக்காது. முதல் ஆசிரியர் இடத்துக்கு ஒரு விலை, மூன்றாம் இடத்துக்கு ஒரு விலை என்று எவர் சொன்னாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். திறந்த ஜர்னல்களுக்கென்று டி.ஓ.ஏ.ஜே. என்ற பொதுப் பட்டியல் இருக்கிறது, இலவசமாகவே தேடலாம். ஆனால் அதில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. நான் சொன்ன அதே சோதனையில் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்த 120இல் 8 ஜர்னல்கள் ஏமாந்திருக்கின்றன. ஆகவே பட்டியலில் பார்த்த பிறகு, ஆசிரியர் குழுவில் இரண்டு பேரைத் தேர்ந்தெடுத்து, அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்தில் இந்த ஜர்னலின் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். அதில் வந்த மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். உங்கள் துறைப் பேராசிரியர் ஒருவரிடம் "இதை நீங்கள் படிப்பீர்களா?" என்று கேளுங்கள். இந்த மூன்றாவது சோதனைதான் அதிகம் உதவும்.

போலி ஜர்னலில் போட்டால் என்ன நஷ்டம், ஒரு வரி கூடுகிறதே என்று நினைக்கலாம். நஷ்டம் இரண்டு. உங்களிடம் உண்மையான தரவு ஏதாவது இருந்தால் அது வீணாகிறது, ஏனென்றால் ஒரு முறை வெளியான கட்டுரையை நல்ல ஜர்னல் புதிதாக எடுத்துக்கொள்ளாது. உங்களிடம் தரவு இல்லை, முகவரே எழுதிக் கொடுத்தார் என்றால் நிலைமை இன்னும் மோசம். அது எங்கிருந்து திருடியது என்று உங்களுக்குத் தெரியாது, பெயர் மட்டும் உங்களுடையது. பத்து வருடம் கழித்தும் தேடினால் கிடைக்கும்.

முகவரை மட்டும் திட்டி என்ன பயன்? எத்தனை பேப்பர் என்று எண்ணுவார்கள், ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கமாட்டார்கள். அப்படிப்பட்ட நிர்வாகங்கள்தான் இந்தக் கடையைத் திறந்துவைத்தன. இளநிலை மாணவரிடம் பேப்பர் கேட்பதே அபத்தம். மேற்படிப்புத் தேர்வுக் குழுவில் உட்காருகிறவர் உங்கள் பட்டியலில் ஒரு பேப்பரைக் கண்டால், முதல் கேள்வியே "இதில் நீங்கள் செய்தது எது?" என்றுதான் இருக்கும்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லும்படி ஒரு வேலையைச் செய்யத்தான் இந்த இரண்டு ஆண்டு. பட்டம் முடித்து வெளியே வந்த பிறகும் புத்தகம் கிடைக்கும், வகுப்புக் காணொளி கிடைக்கும், சான்றிதழும் கிடைக்கும். உங்கள் வேலையை எடுத்துப் படித்து "இங்கே தவறு" என்று சொல்வதையே தொழிலாகக் கொண்ட ஆட்கள் அவ்வளவு எளிதில் கிடைக்கமாட்டார்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டிய கட்டணத்தில் பெரும் மதிப்புள்ள பகுதி அது, பெரும்பாலோர் தொடாமலே விட்டுப்போகும் பகுதியும் அதுதான்.

தொடங்க எளிய இடம் திருத்திய விடைத்தாள். அடுத்த உள்தேர்வுத் தாள் கைக்கு வந்த ஒரு வாரத்துக்குள், மதிப்பெண் குறைந்த ஒவ்வொரு இடத்திலும் ஒரு குறி போடுங்கள்: தெரியாது, தெரியும் ஆனால் கேள்வியைத் தவறாகப் படித்தேன், நேரம் போதவில்லை. மூன்றுக்கும் மருந்து வேறு. 'தெரியாது' என்பதில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு ஆசிரியர் அறைக்குப் போங்கள். "எனக்கு இந்தப் பாடமே புரியவில்லை" என்று போனால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது. "நான்காவது வரியிலிருந்து ஐந்தாவது வரி எப்படி வந்தது?" என்று போனால் பத்து நிமிடத்தில் முடியும். நான்கைந்து முறை இப்படிப் போனால் அவருக்கு உங்கள் முகமும், நீங்கள் யோசிக்கும் விதமும் தெரிந்துவிடும். மதிப்பெண்ணைக் கூட்டித் தாருங்கள் என்று மட்டும் அந்த அறைக்குள் போகாதீர்கள்.

மறந்துபோவதைப் பற்றி. நீங்கள் நினைவிலிருந்து எழுதிப் பார்க்காமல், திரும்பத் திரும்ப வாசிக்க மட்டும் செய்கிறீர்கள் என்று நினைக்கிறேன். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரு உளவியலாளர்கள் 2006இல் வெளியிட்ட சோதனை ஒன்றில், ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவு வைத்திருந்தார்கள். ஒரு முறை வாசித்து, மூன்று முறை புத்தகத்தை மூடி எழுதிப் பார்த்தவர்கள் 71 சதவீதம்தான். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள் 40, எழுதிப் பார்த்தவர்கள் 61. தேர்வுக்கு முந்தின இரவு வாசிப்பு ஏன் பலன் தருவதுபோல் தோன்றுகிறது, மறுவாரம் ஏன் கை காலியாகிறது என்பது இதிலேயே தெரியும். வகுப்பு நடந்த அன்று மாலை வெற்றுத்தாளில் பத்து நிமிடம் நினைவிலிருந்து எழுதுங்கள், பிறகு நோட்டைத் திறந்து விட்டதை வேறு மையில் சேருங்கள். மூன்று நாள் கழித்து ஒரு முறை, இரண்டு வாரம் கழித்து ஒரு முறை. முதல் தடவை பாதிகூட வராது. எரிச்சலாக இருக்கும், ஆனாலும் வாசிப்புக்குத் திரும்பிவிடாதீர்கள்.

அடுத்தது ப்ராஜெக்ட். இறுதியாண்டு வரை காத்திராமல் ஐந்தாவது செமஸ்டரிலேயே சின்னதாக ஒன்றைச் செய்யுங்கள். வாரம் ஆறு மணி நேரம், 12 வாரம் போதும். வெளியான ஒரு கட்டுரையை எடுத்து, அதிலுள்ள ஒரே ஒரு அட்டவணையை அல்லது படத்தை நீங்களே மறுபடி செய்துபார்க்க வேண்டும். தேர்ந்தெடுக்கும்போது, தரவு பொதுவில் இருக்கிறதா, அந்த முறை உங்கள் பாடத்தில் வந்துவிட்டதா, இரண்டையும் பாருங்கள். இதற்கே இரண்டு வாரம் போகும், போகட்டும். அடுத்த நான்கு வாரம் அதே எண்ணை வரவழைக்கப் பாருங்கள். பெரும்பாலும் வராது. எழுதியவர் சில வரிசைகளை நீக்கியிருப்பார், அலகை மாற்றியிருப்பார், கணக்கிடும்போது வைத்த ஏதோ ஒரு அமைப்பைச் (செட்டிங்) சொல்லாமல் விட்டிருப்பார். ஏன் வரவில்லை என்று தேடும்போது கற்பதுதான் உண்மையான பாடம். பிறகு மூன்று வாரம், ஒரே ஒரு அம்சத்தை மாற்றிப் பாருங்கள். இரண்டை ஒரே நேரத்தில் மாற்றினால் எது எதனால் ஆனது என்று தெரியாது. கடைசி மூன்று வாரம் நான்கு பக்கம் எழுதி ஆசிரியரிடம் கொடுத்துத் திருத்தி வாங்கி, மறுபடி எழுதிக் கொடுங்கள். வரலாறோ இலக்கியமோ படிப்பவர் என்றால், ஒரு கட்டுரை காட்டும் மேற்கோள்களில் பத்தை மூலத்தில் போய்ச் சரிபாருங்கள். பக்க எண் பிழையும், சூழலிலிருந்து பிய்த்தெடுத்த வரியும் சிக்குவது அபூர்வமல்ல.

தேதி போட்ட ஒரு நோட்டு வேண்டும்: இன்று என்ன செய்தேன், என்ன வரவில்லை. தயார்நிலை ப்ராஜெக்ட் வாங்கியவர் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) சிக்குவது இங்கேதான். "இந்த மதிப்பை ஏன் எடுத்தீர்கள்?" என்று ஒரு கேள்வி போதும். அதே ப்ராஜெக்ட்டை முகவர் எத்தனை பேருக்கு விற்றிருக்கிறாரோ, ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருளுக்குத் தெரியும். காசு வாங்கிக்கொண்டு தரும் இன்டர்ன்ஷிப்புக்கும் இதே அளவுகோல்தான்: நீங்கள் செய்ததை யாராவது பார்த்துத் திருப்பித் தருவார்களா என்று கேளுங்கள். மழுப்பினால் அது சான்றிதழ்க் கடை.

மேற்படிப்புக்குப் பேப்பரைவிட ரெகமண்டேஷன் லெட்டர் பெரிது. "நல்ல மாணவர், ஒழுக்கமானவர்" என்று மட்டும் சொல்லும் கடிதம் குப்பைக்குத்தான் போகும். அந்த அட்டவணை ஏன் ஒத்துவரவில்லை என்று நீங்கள் கண்டுபிடித்ததை எழுதினால் படிப்பார்கள். எனவே அந்த வேலையைப் பார்த்தவரிடமே கேளுங்கள், பதவி பெரிது என்பதற்காகத் துறைத்தலைவரிடம் ஓட வேண்டாம். கெடுவுக்கு ஒரு மாதம் முன்னால் போய், "என்னைப் பற்றி உறுதியாக எழுத முடியுமா?" என்று கேளுங்கள். தயங்கினால் நன்றி சொல்லி வேறொருவரிடம் போகலாம். ஒப்புக்கொண்டால் மதிப்பெண் பட்டியல், அந்த நான்கு பக்கம், எதற்கு விண்ணப்பிக்கிறீர்கள் என்ற அரைப் பக்கம், கடைசி தேதி ஆகியவற்றை ஒரே மின்னஞ்சலில் அனுப்புங்கள்.

ஒருவேளை முகவருக்கு ஏற்கெனவே கட்டுரைக் கோப்பை அனுப்பியிருந்தால், பதிப்புரிமைப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன் என்று இன்றே முகவருக்கும் ஜர்னலுக்கும் மின்னஞ்சல் அனுப்புங்கள், தொலைபேசிப் பேச்சு கணக்கில் வராது. திரும்பப் பெறவும் கட்டணம் உண்டு என்று பதில் வரும். அதையும் கட்ட வேண்டாம். எல்லாக் கடிதங்களையும் பிரதி எடுத்து வைத்துக்கொண்டு, உங்கள் ப்ராஜெக்ட் கைடிடம் நீங்களே முதலில் போய்ச் சொல்லிவிடுங்கள்.