வெள்ளையணு ஒன்றரை லட்சம்: அப்பாவுக்கு வந்திருப்பது எந்த ரத்தப் புற்றுநோய்?

கேள்வி: என் அப்பாவுக்கு 56 வயது. களைப்பு, இடது விலாவுக்குக் கீழே கனம் என்று ரத்தம் சோதித்தோம். வெள்ளையணு 1,48,000. சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோயாக இருக்கலாம் என்கிறார் டாக்டர். எங்கள் தெருவில் ஒரு பையன் ரத்தப் புற்றுநோய் வந்து ஒரே மாதத்தில் இறந்துவிட்டான். அப்பாவுக்கும் அப்படித்தானா? எனக்கும் தம்பிக்கும் வருமா?

பதில்: அந்தப் பையனுக்கு வந்தது பெரும்பாலும் அக்யூட் லுகேமியாவாக, அதாவது வேகமாக வளரும் ரத்தப் புற்றுநோயாக இருக்கும். அதில் எலும்பு மஜ்ஜை முழுக்க முதிராத அணுக்கள், அதாவது பிளாஸ்ட்கள், நிரம்பிவிடும். நல்ல அணுக்கள் உருவாக இடமிருக்காது. காய்ச்சல், ஈறில் ரத்தம், தோலில் காரணமில்லாத கன்றல் என்று சில வாரங்களிலேயே ஆள் படுத்துவிடுவார். உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய நோய் இது. அதிலும் குழந்தைகளுக்கு வரும் ஏ.எல்.எல். வகை, முறையான சிகிச்சையில் பெரும்பாலும் குணமாகிவிடுகிறது.

சி.எம்.எல். மெதுவாக வளரும் நோய். வெள்ளையணு லட்சத்தைத் தாண்டியதைப் பார்த்துத்தான் பயந்திருப்பீர்கள். ஆனால் அந்த எண்ணை வைத்து நோயின் வேகத்தைச் சொல்ல முடியாது. அக்யூட் வகையில் சிலருக்கு எண்ணிக்கை இயல்பைவிடக் குறைந்து 4,000-க்குக் கீழேகூட இருக்கும். ரிப்போர்ட்டில் பிளாஸ்ட் எத்தனை சதவீதம் என்று பாருங்கள். 10-க்குக் கீழே என்றால் பொதுவாக நோய் ஆரம்பக் கட்டத்தில் இருக்கிறது. விலாவுக்குக் கீழே கனப்பது மண்ணீரல் வீங்கியதால் இருக்கலாம். மருந்து வேலை செய்யத் தொடங்கினால் அது சுருங்கும்.

அடுத்து பி.சி.ஆர்-ஏ.பி.எல். (BCR-ABL) பரிசோதனை. 9-ஆம், 22-ஆம் குரோமோசோம்கள் துண்டு மாறி ஒட்டிக்கொள்வதால் பிறக்கும் மரபணு இது. இப்படிப்பட்ட ரத்த முடிவோடு அதுவும் இருந்தால் சி.எம்.எல். உறுதி. அந்த மரபணு உருவாக்கும் புரதத்தையே முடக்குகிற இமாட்டினிப் மாத்திரை 2001-இல் வந்தது. அதுவரை பலரைச் சில ஆண்டுகளில் கொண்டுபோன நோயோடு இன்று வேலைக்குப் போய், பேரன் பேத்தி பார்த்து வாழ்கிறார்கள். 2013-இல் உச்ச நீதிமன்றம் இந்த மாத்திரையின் காப்புரிமை வழக்கில் தந்த தீர்ப்பால், விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகள் தடையின்றிக் கிடைக்கின்றன.

மாத்திரையைச் சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீர் குடித்து தினமும் விழுங்க வேண்டும். கண்ணைச் சுற்றி வீக்கம், காலில் தசைப்பிடிப்பு வரலாம்; டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள். 'உடம்பு நல்லாத்தானே இருக்கு' என்று விட்டுவிட்டவர்களுக்கு நோய் திரும்பி வருவதைப் பார்க்கும்போது மனசு கனத்துப்போகும். ஆரம்பத்தில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த மரபணுவின் அளவையும் பார்க்க வேண்டும்.

சொந்தக்காரர்கள் வேறு ரத்தப் புற்றுநோய்களின் பெயர்களையும் சொல்லிக் குழப்புவார்கள். லிம்போமா பெரும்பாலும் நெறிகட்டியில் தொடங்குவது; நம் ஊரில் டி.பி. கட்டி என்று நினைத்துத் தள்ளிப்போடுவது உண்டு. கட்டியை எடுத்து பயாப்ஸி பார்த்தால்தான் தெரியும். மைலோமா வயதானவர்களின் எலும்பை அரிப்பது. ஓயாத முதுகுவலியோடு ரத்தசோகையும் சேர்ந்தால் டிஸ்க் தேய்மானம் என்று விட்டுவிடக் கூடாது. முதியவர்களுக்கு வரும் சி.எல்.எல்.-இல் பலருக்கு மருந்தே இல்லாமல் கண்காணித்தால் போதும்.

சரி, உங்களுக்கும் தம்பிக்கும்? சி.எம்.எல். பரம்பரையாக வருவதில்லை. அந்தக் குரோமோசோம் மாற்றம் அப்பாவின் மஜ்ஜையில் பிறகு ஏற்பட்டது, உங்களுக்குக் கடத்தப்படுவதில்லை. ஒட்டிக்கொள்கிற நோயும் இல்லை. நீங்கள் இருவரும் இதற்காக எந்தப் பரிசோதனையும் செய்துகொள்ள வேண்டாம்.