கொலோக்வியத்துக்கு என்ன உடுத்துவது?

தம்பி, பிப்ரவரியில் ஜெர்மனியின் கொலோனில் கொலோக்வியம், அதாவது முதுகலை ஆய்வேட்டைப் பேராசிரியர்கள் முன்னால் வைத்துப் பேச வேண்டும், ஊரிலிருந்து கொண்டுவந்த ரிசப்ஷன் கோட் போதுமா, கூடப் பேசும் தோழி சேலை கட்டலாமா, பேங்க் கணக்கு எதில் தொடங்கலாம், பொன்னி அரிசி எங்கே மலிவு என்று கேட்டிருந்தீர்கள். பேங்க்கும் அரிசியும் விடுதியில் பக்கத்து அறையைத் தட்டினாலே தெரிந்துவிடும். உடுப்பைத்தான் இங்கே நம்மவர்கள் யாரும் சொல்லித் தருவதில்லை. "போகப் போகத் தெரியும்" என்று விட்டுவிடுகிறார்கள். அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

ரிசப்ஷன் கோட் வேண்டாம். பெட்டியிலேயே இருக்கட்டும். அந்தத் துணி பெரும்பாலும் பாலியஸ்டர் கலந்த மினுமினுப்பு. மண்டபத்து விளக்குக்கும் போட்டோவுக்கும் தைத்தது. ப்ரொஜெக்டர் ஓடும் அறையில் திரும்பும்போதெல்லாம் பளபளக்கும். காற்றும் புகாது, ஹீட்டர் போட்ட அறையில் பத்தே நிமிடத்தில் முதுகு நனைந்துவிடும். ஒரு காலத்தில் வந்தவர்கள் எல்லோருடைய பெட்டியிலும் இப்படி ஒன்று இருந்தது. பின்னால் எடை போட்டாலும் ஆகும் என்று வீட்டுப் பெரியவர்கள் ஒரு சுற்றுப் பெரிதாகத் தைத்துக் கொடுத்தது. இங்கே யாரும் துணியின் விலையைப் பார்ப்பதில்லை, தோளைத்தான் பார்ப்பார்கள்.

பொறியியல், அறிவியல் துறைகளில் முதுகலைக் கொலோக்வியத்துக்குக் கோட்டே தேவைப்படாமல் போகலாம். காலர் வைத்த முழுக்கைச் சட்டை, கருநீல அல்லது சாம்பல் நிறப் பேன்ட், தோல் ஷூ போதும். முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு என்றால் கோட் போடுவது மரியாதை. பிராங்பர்ட் வங்கிகளில் பேசப் போகிறீர்கள் என்றால் டையும் சேரலாம். உங்கள் துறைப் பழக்கம் தெரிய வேண்டுமானால் ஜனவரியில் யாராவது பேசும் கொலோக்வியத்துக்குப் போய்ப் பின்வரிசையில் உட்காருங்கள். பேசுபவர் உடுத்தியதையும் பேராசிரியர் உடுத்தியதையும் பாருங்கள். பேராசிரியரை விட அரைப்படி கூடுதலாக உடுத்தினால் சரியாக இருக்கும்.

கோட் வாங்குவதென்றால் ஜெர்மன் அளவு முறையைத் தெரிந்துகொண்டு கடைக்குப் போங்கள். மார்பைச் சுற்றி டேப் பிடித்துச் சென்டிமீட்டரில் அளந்து பாதியாக்குங்கள். 96 வந்தால் உங்கள் அளவு 48. நம்மில் பலர் இதோடு நிறுத்திக்கொண்டு 48 வாங்கி, கை விரல் வரைக்கும் தொங்குகிறது என்று வருந்துவார்கள். அதே மார்பளவில் உயரம் குறைந்தவர்களுக்கு 24 என்று தனி அளவு உண்டு. ஒல்லியாக நெடுநெடுவென்று இருப்பவர்களுக்கு 98. இந்த எண்களைக் கேட்டு வாங்குங்கள், கடைக்காரருக்கு உடனே புரியும்.

போட்டுப் பார்க்கும்போது தோள் தையல் தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். தோள் தவறினால் எடுக்காதீர்கள், அதைத் திருத்துவது கோட்டின் விலைக்கே வந்து நிற்கும். கை நீளம், இடுப்பு, பேன்ட் நீளம் மூன்றையும் 'எண்டருங்ஸ்ஷ்னைடரை' என்று பலகை போட்ட திருத்தத் தையல் கடையில் கொடுக்கலாம். ஒரு வாரமாவது முன்னால் கொடுங்கள். கோட்டுக்கு வெளியே சட்டைக் கை ஒரு சென்டிமீட்டர் தெரிந்தால் அளவு சரி.

புதுக் கோட்டின் பின்பக்கப் பிளவில் எக்ஸ் வடிவில் தடித்த வெள்ளை நூலில் ஒரு தையல் இருக்கும். அது அழகுக்குப் போட்டதல்ல. கடைக்கு வரும் வழியில் துணி மடங்காமல் இருக்கப் போட்டது. சின்னக் கத்தரியால் வெட்டி நூலை உருவிவிடுங்கள். கையில் தைத்திருக்கும் கம்பெனித் துண்டையும் பிரித்துவிடுங்கள். அதோடு பல வருடம் சுற்றும் நம்மவர்களை இன்றும் பார்க்கலாம், கூட இருப்பவர்கள் பார்த்துக்கொண்டே சும்மா இருப்பதுதான் எனக்கு ஆற்றாமை. கோட்டில் கடைசிப் பித்தானைப் போடக் கூடாது. உட்காரும்போது எல்லாப் பித்தானையும் கழற்றிவிட வேண்டும்.

சட்டை வெள்ளை அல்லது கருநீலம். வெளிர்நீலத்திலும் சாம்பலிலும் அக்குள் வியர்வை அப்படியே தெரியும். பொடிக்கட்டமும் நெருக்கமான கோடும் கேமராவில் அலை அலையாக ஆடும். ஆன்லைனில் யாராவது பார்ப்பதாக இருந்தால் கட்டாயம் தவிர்க்க வேண்டும். வெள்ளைச் சட்டைக்குள் வெள்ளைப் பனியன் போட்டால் அதன் விளிம்பு வெளியே தெரியும், தோல் நிறத்தை ஒட்டிய பனியன் தெரியாது. வியர்வையைத் தடுக்கும் ரோல்-ஆனை முதல் நாள் இரவே உலர்ந்த தோலில் பூசுங்கள், காலையில் அவசரமாகப் பூசினால் அவ்வளவு பிடிக்காது.

பெரிய அரங்கம் என்றால் மைக் குத்துவார்கள். முகவாய்க்குக் கீழே ஒரு சாண் தள்ளி, சட்டையின் பித்தான் பட்டியிலோ கோட்டின் மடிப்பிலோ கிளிப் மாட்டுவார்கள். அதன் பெட்டிக்குப் பெல்ட் அல்லது பாக்கெட் வேண்டும். வட்டக் கழுத்து ஜிப்பாவில் கிளிப் நிற்காமல் கவிழ்ந்து துணியில் உரசும். அடையாள அட்டையைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள். ஆடி ஆடி மைக்கில் மோதினால் பின்வரிசை வரை 'டொக் டொக்' என்று கேட்கும்.

தோழி தாராளமாகச் சேலை கட்டலாம். "இங்கே வந்து சேலையா" என்று முகம் சுளிக்கும் நம்மூர்க்காரர்களுக்குக் காது கொடுக்க வேண்டாம். ஆனால் அகலச் சரிகை போட்ட பட்டு விளக்கில் மின்னும், மைக் பக்கத்தில் சரசரக்கும். கரை சிறிதான பருத்திச் சேலை நல்லது. மேடைக்குப் போடும் ஷூவைப் போட்ட பிறகே கட்ட வேண்டும், இல்லாவிட்டால் படியேறும்போது கொசுவம் காலில் மிதிபடும். பாவாடை நாடாவில் மைக் பெட்டி நிற்காது, உள்ளே மெல்லிய பெல்ட் கட்டிக்கொள்ளச் சொல்லுங்கள். நீளச் சங்கிலி மைக்கில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குளிருக்கு உள்ளே தெர்மல் லெகிங்ஸ், பாவாடையும் பருத்தியில். குளிர்காலத்து வறண்ட காற்றில் சாட்டின் பாவாடை காலோடு ஒட்டிக்கொள்ளும்.

பிப்ரவரியில் வெளியே உறையும் குளிர், உள்ளே 22 டிகிரி இருக்கலாம். தடித்த ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டுக்கொண்டு பேசாதீர்கள். வழியில் பெரிய ஜாக்கெட், அரங்கத்தில் அதைக் கழற்றிவிட்டு வெறும் சட்டை அல்லது கோட். கால்மணி நேரம் முன்னதாகவே உள்ளே போங்கள், கண்ணாடியில் படிந்த ஆவி போக வேண்டும், விரல் சூடாக வேண்டும். ஷூவைப் பையில் எடுத்துப்போய் அங்கே மாற்றுங்கள். சாலையில் தூவும் உப்பு தோலில் வெள்ளை வெள்ளையாகப் படியும். படிந்துவிட்டால் வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து துடைத்து, உள்ளே நியூஸ்பேப்பர் திணித்துக் காயவிடுங்கள். ஹீட்டர் மேல் வைத்தால் தோல் வெடிக்கும்.

ஒரே அறையில் சமைத்து அங்கேயே தூங்கினால் கம்பளிக் கோட் தாளிப்பு வாசத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். இதற்காகச் சமைக்காதே என்று அறிவுரை சொல்பவர்கள் மேல் எனக்குக் கோபம்தான் வரும். சாம்பாரை வையுங்கள், கோட்டை ஜிப் வைத்த உறையில் போட்டு அலமாரிக்குள் பூட்டுங்கள், முதல் நாள் இரவு ஜன்னலோரம் காற்றாடத் தொங்கவிடுங்கள்.

கடைசியாகத் தேதியைப் பாருங்கள். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வியாழக்கிழமை கொலோன், டுசெல்டார்ப் பக்கமெல்லாம் கார்னிவல் கொண்டாட்டம். அன்றைக்குப் பெண்கள் கத்தரிக்கோலோடு வந்து ஆண்களின் டையை வெட்டுவது வழக்கம், பெரும்பாலும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். உங்கள் பேச்சு அந்த நாளில் விழுந்தால் டை கட்டாமல் போங்கள்.