மலையில் சிக்னல் இல்லை, இருப்புக் கணக்குக்கு எந்த ஆப்?

கேள்வி: ஏற்காடு நாகலூர்ப் பக்கம் எங்களுக்குக் காபி, மிளகுத் தோட்டம். மூட்டைகள் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் எங்கள் கடைக்கு இறங்கும். தோட்டத்தில் அப்பாவும் கடையில் நானும் ஒரே ஆப்பில் இருப்பு எழுதுகிறோம். மேலே சிக்னல் போனால் ஆப் சுற்றிக்கொண்டே நிற்கிறது. ‘நெட் இல்லாமலும் ஓடும்’ என்று சொல்லி வேறொரு ஆப்காரர் வருடச் சந்தா கேட்கிறார். கட்டலாமா?

பதில்: வருடச் சந்தா இப்போது வேண்டாம். ஒரு மாதத்துக்குக் கட்டிப் பாருங்கள், அல்லது இலவச சோதனைக் காலம் கேளுங்கள்.

‘நெட் இல்லாமலும் ஓடும்’ என்பதைத் தாராளமாகச் சொல்லிவிடுகிறார்கள். சில ஆப்களில் பழைய பதிவைப் பார்க்கத்தான் முடியும், புதிதாக எழுத முடியாது. உங்களுக்கு வேண்டியது, கணக்கு முழுவதும் போனிலேயே இருந்து, சிக்னல் வந்ததும் அடுத்த போனோடு சேர்த்துக்கொள்ளும் வகை. 2019இல் இங்க் அண்ட் ஸ்விட்ச் ஆய்வுக்குழு எழுதிய கட்டுரைக்குப் பிறகு ‘லோக்கல் ஃபர்ஸ்ட்’ என்ற பெயர் இதற்குப் பரவியது.

சோதனை எளிது. இரண்டு போனையும் ஏரோப்ளேன் மோடில் போடுங்கள். இருப்பு 40 மூட்டை என்று வைப்போம். அப்பா 10 வரவு எழுதட்டும், நீங்கள் 5 விற்பனை எழுதுங்கள். போனை அணைத்துப் போட்டு, அப்புறம் நெட்டைத் திறங்கள். இரண்டிலும் 45 வந்தால் சரி. 50 அல்லது 35 காட்டினால் அந்த ஆப்பை விட்டுவிடுங்கள். ‘இருப்பு இவ்வளவு’ என்று ஒரே எண்ணாக அது வைத்திருக்கிறது; கடைசியில் வந்து சேர்ந்த எண் முந்தையதை அழித்துவிட்டது. வரவையும் விற்பனையையும் பேரேட்டில் எழுதுவதுபோல் தனித்தனி வரியாக வைத்திருந்தால் இரண்டும் தப்பித்திருக்கும். இப்படி இரண்டு போனின் கணக்கும் ஒன்றாகச் சேர்வதைத்தான் ‘சிங்க்’ என்கிறார்கள். விற்பவரிடம் கேட்டால் ‘சிங்க் பக்கா’ என்றுதான் சொல்வார், நீங்களே செய்து பாருங்கள்.

எக்செல் கோப்பே போதும் என்றால் சிங்திங் என்ற இலவச மென்பொருள் உண்டு. நடுவில் சர்வர் எதிலும் கோப்பைச் சேமிக்காமல் கருவிக்குக் கருவி அனுப்பும். ஆனால் இரண்டு கருவியும் ஒரே நேரத்தில் ஆன் ஆகி இணைப்பில் இருக்க வேண்டும். இருவரும் ஒரே கோப்பைத் திருத்திவிட்டால் இரண்டு பிரதியாக நிற்கும். ஒப்பிட்டுச் சேர்க்கும் வேலை உங்கள் தலையில். அப்பாவுக்கு இதை நான் சிபாரிசு செய்யமாட்டேன்.

எதை வாங்கினாலும் வாரம் ஒருமுறை கணக்கை எக்செல்லாக இறக்கிப் பென்டிரைவில் வையுங்கள். ஒரு போனில் தவறி அழித்தது மற்ற போனிலும் அழியும். சிங்க் வேறு, பேக்கப் வேறு. அப்படி இறக்கும் வசதி சந்தா முடிந்த பிறகும் இருக்குமா என்பதை வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள். சொன்னபடி நடக்காவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் செய்யும்போது அந்தச் செய்தியும் பில்லும் கையில் இருக்க வேண்டும்.